சம்பளச் சீட்டை ரெண்டு பேரும் படிங்க: ஒரு போலீஸ் வீட்டுக் கணக்கு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை மாற்றாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "கணவரோ மனைவியோ போலீஸ் வேலையில இருந்தா, வீட்டுக் கணக்கை எப்படிப் பார்க்கிறது? எல்லாருக்கும் சொல்ற அட்வைஸ் எங்களுக்குப் பொருந்துமா?"

இந்தக் கேள்விக்கு நான் வெளியில ஆள் தேட வேண்டியதில்லை. எங்க அப்பா தமிழ்நாடு போலீஸ்ல ஏட்டு. என் வீட்டுக்காரர் கிரேடு ஒன் காவலர். பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸ்ல, இப்போ இருக்கிறதும் குவார்ட்டர்ஸ்ல. நான் ஒரு தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஊரார் கணக்கை எல்லாம் டேலி பண்ற நான், என் வீட்டுக் கணக்கைக் கல்யாணமாகி மூணு வருஷம் பார்க்கவே இல்லை. அந்தக் கதையோடதான் இன்னைக்கு ஆரம்பிக்கிறேன்.

அப்பாவோட தகரப் பெட்டி

அப்பா 52 வயசுல மாரடைப்புல போயிட்டார். நைட் ரவுண்ட்ஸ் முடிச்சு வந்து, ஷூவைக் கழட்டிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அம்மா கட்டிலுக்கு அடியில இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாங்க. 27 வருஷக் குடும்ப வாழ்க்கையில அந்தப் பெட்டியை அம்மா அதுவரைக்கும் திறந்ததே இல்லை.

உள்ளே மூணு விஷயம் இருந்தது. ஒண்ணு, காவலர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துல அப்பா வாங்கின கடன். நாங்க சொசைட்டி லோன்னு சொல்வோம். அது பாதிதான் அடைஞ்சிருந்தது. ரெண்டு, அதே சங்கத்துல கூட வேலை பார்த்த ரெண்டு பேருக்கு அப்பா போட்ட ஜாமீன் கையெழுத்து. அதுல ஒருத்தர் தவணை கட்டுறதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூணு, சேமநல நிதியோட நாமினி படிவ நகல். அதுல எங்க அப்பத்தா பேர் இருந்தது. அப்பத்தா இறந்து எட்டு வருஷம் ஆகுது. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதை அப்பா மாத்தவே இல்லை.

சங்கத்துல அப்பாவுக்கு வரவேண்டிய பங்குத்தொகை, சேமிப்பு எல்லாம் கடன்லயும் ஜாமீன்லயும் கழிஞ்சு போச்சு. சேமநல நிதிப் பணத்துக்காக அம்மா வாரிசுச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு மாசக்கணக்கா நடந்தாங்க. அதுக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டிய நாளும் வந்துடுச்சு.

அப்பா ஊதாரி கிடையாது. டீக்குக்கூட யோசிச்சுத்தான் காசு எடுப்பார். தப்பு வேற இடத்துல இருந்தது. வீட்டுப் பணத்தைப் பத்தி வீட்டுல ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான்.

ஏன் இந்த வீட்டுக் கணக்கு வேற மாதிரி?

மத்த வீடுகள்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம். எங்களுக்கு எது ஞாயிறு? திருவண்ணாமலை தீபத்துக்குப் பந்தோபஸ்து, பசும்பொன்னுக்குப் பந்தோபஸ்து, தேர்தல்னா மாசக்கணக்குல பந்தோபஸ்து. அவர் வீட்டுக்கு வரும்போது நான் தூங்குவேன். நான் ஆபீஸ் கிளம்பும்போது அவர் தூங்குவார்.

பந்தோபஸ்து போனா சாப்பாடு, பஸ், சோப்புன்னு முதல்ல கைக்காசுதான் போகும். பயணப்படி பில் பாஸாகி வர மாசக்கணக்காகும். அந்த இடைவெளியை கிரெடிட் கார்டு நிரப்பும், இல்லேன்னா பேட்ச்மேட்கிட்ட கைமாத்து.

இன்னொண்ணையும் வெளிப்படையாவே சொல்லிடறேன். "போலீஸ்காரர்தானே, மேல வருமே"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. சம்பளச் சீட்டுல இல்லாத பணத்தை நம்பிப் போடற திட்டம் என்னைக்கு வேணும்னாலும் வேலையையும் வீட்டையும் சேர்த்துக் கவிழ்த்துடும். சீட்டுல இருக்கிறது மட்டும்தான் நம்ம வருமானம். அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல போகலாம்.

சீட்டைப் படிக்கிறது எப்படி?

அரசு ஊழியர்களோட சம்பளச் சீட்டு இப்போ களஞ்சியம் ஆப்லயே கிடைக்குது. முதல் வேலையா அதைத் திறந்து, ரெண்டு பேரும் சேர்ந்து வரிவரியா படிங்க. ஒரு உதாரணம் சொல்றேன்.

அடிப்படைச் சம்பளம் 28,000. அகவிலைப்படி 58 சதவீதம்னு வெச்சுக்கிட்டா 16,240. ரெண்டும் சேர்த்து 44,240. மத்த படிகளை இப்போதைக்கு விட்டுடுவோம். இதுல 10 சதவீதம், அதாவது 4,424 ரூபாய், ஓய்வூதியப் பங்களிப்பாப் பிடிப்பாங்க. 2003 ஏப்ரல் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ வேலையில சேர்ந்தவங்களுக்கு இது. அதுக்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியமும் சேமநல நிதியும். மருத்துவக் காப்பீட்டுக்கு 300, குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு 110. பண்டிகை முன்பணம் வாங்கியிருந்தா அதுக்கு 2,000. சொசைட்டி லோன் தவணை 7,500. மொத்தப் பிடித்தம் 14,334. கைக்கு வர்றது 29,906.

வீட்டுல இருக்கிறவங்களைக் கேட்டா "இவர் சம்பளம் முப்பதாயிரம்"னு சொல்வாங்க. அங்கதான் சிக்கல். அந்த 7,500 வங்கிக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடறதால, கடன் இருக்கிறதே வீட்டுக்குத் தெரியாது. கடன் முடியற மாசம் 7,500 கூட வரணும் இல்லையா? அதுக்குள்ள பழைய கடனைக் கழிச்சுட்டுப் புதுசா பெரிய கடன் போட்டிருப்பாங்க. தவணை அதேதான், சம்பளமும் அதேதான். வீட்டுக்கு எதுவுமே மாறின மாதிரி தெரியாது. இப்படியே பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடும்.

அதனால சீட்டுல பிடித்தம் பகுதியைப் பார்த்து ரெண்டே கேள்வி கேளுங்க. இது எதுக்கு? எந்த மாசம் முடியுது?

ஜாமீன் கையெழுத்து

என் வீட்டுக்காரரோட சீட்டை நான் முதன்முதலா பார்த்த அன்னைக்கு எங்க வீட்டுல சண்டை. சீட்டுல இருந்த கடன்ல பிரச்சினை இல்லை, அது தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது, எனக்குத் தெரியும். "வேற எங்கயாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"பேட்ச்மேட்டுக்கு ஒரு ஜாமீன் போட்டேன். அவன் கட்டிருவான்மா."

"எவ்வளவுக்கு?"

"அஞ்சு லட்சம்."

எனக்கு அப்பாவோட தகரப் பெட்டிதான் கண்ணு முன்னாடி வந்தது. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. அவருக்கும் கோபம். "ட்ரெயினிங்ல ஒண்ணா கிடந்தவன் கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்றது? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவன்தானே வந்து நிப்பான்?"

அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. இந்த வேலையில பேட்ச்மேட்டுங்க கூடப் பிறந்தவங்க மாதிரி. ஆனா ஜாமீன்னா என்னன்னு நாம தெளிவா இருக்கணும். கடன் வாங்கினவர் கட்டலைன்னா அந்தப் பணம் ஜாமீன்தாரர்கிட்ட இருந்து வசூலாகும். அதாவது அந்த அஞ்சு லட்சமும் நம்ம கடன்தான், இன்னும் நம்ம சீட்டுல ஏறலை, அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு முடிவுக்கு வந்தோம். போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொல்லலை. இனிமே கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லணும். ஒரே நேரத்துல ஒரு ஜாமீனுக்கு மேல கூடாது. நானும் பதிலுக்கு ஒண்ணு ஒத்துக்கிட்டேன். என் சம்பளத்துல நான் போட்டிருந்த நகைச்சீட்டை அவர்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன், அதைச் சொன்னேன். மறைக்கிறது ஒரு பக்கம் மட்டும் நடக்கிற விஷயம் இல்லைங்க.

பாதிச் சம்பளம் வர்ற மாசம்

அவசரத்துக்கு மூணு மாசச் செலவை எடுத்து வைங்கன்னு எல்லா பாட்காஸ்ட்லயும் சொல்வாங்க. "அரசு வேலைதானே, சம்பளம் நிக்காது"ன்னு நினைச்சு போலீஸ் வீடுகள்ல அதைக்கூட வைக்கிறதில்லை.

சம்பளம் குறையும். ஒரு விசாரணை, ஒரு புகார், ஒரு வீடியோ போதும், சஸ்பென்ஷன் வரலாம். தப்பே பண்ணாதவருக்கும் வரலாம், அப்புறம் ரத்தாகவும் செய்யலாம். அந்த இடைக்காலத்துல சம்பளம் கிடையாது, பிழைப்பூதியம்தான். ஆரம்பத்துல அது பாதிச் சம்பளம் அளவுக்குத்தான் இருக்கும். நம்ம உதாரணத்துல 44,240 இருந்த இடத்துல 22,120. கடனோட வட்டி மட்டும் நிக்காது. இது போக இன்க்ரிமென்ட் கட் மாதிரி தண்டனைகளும் இருக்கு.

நிச்சயம்னு நினைச்ச பணமும் நின்னு போகும். ஈட்டிய விடுப்பைச் சரண் பண்ணி வாங்கற பணத்தை நம்பி வருஷாவருஷம் ஸ்கூல் ஃபீஸ் கட்டின வீடுகள் நிறைய. 2020-ல கொரோனா நேரத்துல அதை நிறுத்தினாங்க. அடுத்த பல வருஷம் அது திரும்பி வரவே இல்லை. அதனால சரண் பணம், முன்பணம், போனஸ் இதையெல்லாம் நம்பி எந்த இஎம்ஐயும் போடாதீங்க.

நாங்க வெச்சுக்கிட்ட அளவு ஆறு மாசம். அரிசி, பால், ஸ்கூல், மருந்து, ஊருக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து எங்க அத்தியாவசியச் செலவு மாசம் 26,000. ஆறு மாசத்துக்கு 1,56,000. மாசம் 8,000 போட்டு 20 மாசத்துல சேர்த்தோம். பெருசா ஒண்ணும் பண்ணலை, சம்பளக் கணக்கு இல்லாத வேற ஒரு வங்கியில ரெக்கரிங் டெபாசிட். ஏடிஎம் கார்டு வாங்கிக்கலை.

மூணு காப்பீடு, மூணு வேலை

"எங்களுக்கு எல்லாத்துக்கும் கவர் இருக்கு"ன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். பிரிச்சுப் பார்த்தோம்.

முதல்ல விபத்துக் காப்பீடு. 2025-ல தமிழ்நாடு அரசு சில வங்கிகளோட ஒப்பந்தம் போட்டது. அந்த வங்கிகள்ல சம்பளக் கணக்கு வெச்சிருக்கிற அரசு ஊழியர் விபத்துல இறந்தா குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் வரை கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனா கணக்கு அந்தத் திட்டத்துல பதிவாகியிருக்கான்னு வங்கியில கேட்டுக்கணும். இன்னொண்ணு, அது பெரும்பாலும் விபத்துக்கான கவர். எங்க அப்பா போனது மாரடைப்புல. அதுக்கு அந்த 1 கோடி வராது.

அதனாலதான் தனியா ஆயுள் காப்பீடு வேணும். வேலையில இருக்கும்போது இறந்தா கிடைக்கிற குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம். அது முதல் வருஷத்தைச் சமாளிக்க உதவும், பிள்ளையைப் படிக்க வைக்கப் பத்தாது. வருஷ வருமானத்தைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாம ஒரு டெர்ம் பாலிசி எடுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. விண்ணப்பத்துல வேலை போலீஸ்னு எழுதுங்க. சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதையும் மறைக்காதீங்க. கணவர் தன் பேர்ல பாலிசி எடுக்கும்போதே 1874-ம் வருஷத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குக் கீழ எடுத்தா, அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். கடன்காரங்க தொட முடியாது. எடுக்கும்போதே சொல்லணும், அப்புறம் மாத்த முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போடற வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

மூணாவது, மருத்துவக் காப்பீடு. 2021-ல வந்த அரசு ஊழியர் திட்டத்துல 5 லட்சம்ங்கிறது நாலு வருஷத்துக்கும் சேர்த்து. வருஷத்துக்கு அஞ்சுன்னு நினைச்சுட்டு இருக்கிறவங்க அதிகம். குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 10 லட்சம். அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் திட்டத்துல கல்யாணம் ஆகாதவரை பெத்தவங்களுக்குக் கவர் உண்டு. கல்யாணம் ஆனதும் கணவன், மனைவி, பிள்ளைகள்தான் குடும்பம். எங்க மாமியாருக்கு முட்டி ஆபரேஷன்னு வந்தப்போதான் இது எங்களுக்குத் தெரிஞ்சது. இப்போ என் கம்பெனி பாலிசியில கூடுதல் பிரீமியம் கட்டி அவங்களைச் சேர்த்திருக்கேன். உங்க ஆபீஸ்லயும் அப்படி வழி இருக்கான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க.

நாமினி: அஞ்சு நிமிஷ வேலை

அப்பாவோட கதைக்கு அப்புறம் இதை நான் நீட்டி முழக்க வேண்டாம். ஓய்வூதியக் கணக்கு, சங்கம், வங்கி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், தனியார் வேலையில இருக்கிறவருக்கு பி.எஃப். இந்த ஆறுலயும் யார் பேர் இருக்குன்னு இந்த வாரமே பாருங்க.

வங்கிக் கணக்குல நாமினிங்கிறவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாளர்தான், அவரே உரிமையாளர் ஆகிட மாட்டார். இன்சூரன்ஸ்ல 2015-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, கணவர், பிள்ளைகள், பெத்தவங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் 1-லிருந்து வங்கிக் கணக்குல நாலு பேர் வரை நாமினி போடலாம். அம்மாவா மனைவியான்னு மனசு சங்கடப்படறவங்களுக்கு இது நல்ல வழி. பங்கு பிரிச்சு ரெண்டு பேரையும் போடுங்க, ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க.

வீடும் ஷேரும்

குவார்ட்டர்ஸ்ல இருக்கிறவங்க வாடகை மிச்சம்னு நினைக்கிறோம். வீட்டு வாடகைப்படி வராது, வாடகையும் போகாது. ஆனா ஒரு நாள் காலி பண்ணித்தான் ஆகணும். வாடகைங்கிறது தள்ளிப்போட்ட செலவு. அதை மனசுல வெச்சு மாசம் 5,000 தனியா எஸ்ஐபி போடறோம். வீடு வாங்கினா ஒருத்தர் சம்பளத்துலயே கட்டக்கூடிய இஎம்ஐதான்னு முடிவு பண்ணியிருக்கோம். சொத்து வாங்கறதுக்கு முன்னாடி துறைக்குத் தெரிவிக்கிற நடைமுறையை அவர் ஆபீஸ்ல கேட்டுக்கணும். மனைவி பேர்ல வாங்கினா சொல்ல வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஷேர் மார்க்கெட் பத்தி ஒரே வார்த்தை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஊக வணிகத்தைத் தடுக்குது. நீண்ட கால முதலீடு வேற, தினமும் ஆப்ஷன்ஸ் ஆடறது வேற. 2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வுப்படி, அதுக்கு முந்தைய மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ ஆடின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நைட் டியூட்டில கையில போனும் தூக்கமில்லாத கண்ணுமா இருக்கிற ஆள், அந்த மீதி 7 பேர்ல ஒருத்தரா இருப்பார்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மாசம் ஒரு மணி நேரம்

இதையெல்லாம் எப்போ பேசறது? நாங்க கிழமை வெச்சுக்கலை, வெச்சா நடக்காது. சம்பளம் ஏறினதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் முழிச்சிருக்கிற முதல் ஒரு மணி நேரம். சில மாசம் அது விடியக்காலை அஞ்சு மணியா இருக்கும், பரவாயில்லை.

ரெண்டு சீட்டையும் திறப்போம். பொதுக் கணக்குக்கு ரெண்டு பேரும் சம்பளத்துக்கு ஏத்த விகிதத்துல போடுவோம். அவசர நிதி, பாப்பாவோட செல்வமகள் சேமிப்பு, ஊருக்கு அனுப்பறது எல்லாம் அதுல இருந்து போகும். ஆளுக்கு 2,500 கைச்செலவு. அதுக்கு மட்டும் கணக்குக் கேட்கக்கூடாது. அவர் டீ வாங்கிக் கொடுப்பாரோ, நான் புடவை எடுப்பேனோ, அது அவங்கவங்க இஷ்டம்.

கடைசியா ஒரு நோட்டு. 40 பக்க நோட்டுதான். என்னென்ன கணக்கு, எந்தக் கிளை, பாலிசி எண், யார் நாமினி, என்ன கடன், யாருக்கு ஜாமீன், சம்பள விஷயமா ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும். பாஸ்வேர்டு எழுதறதில்லை. ஓய்வூதிய விதிகள் அடிக்கடி மாறுது, அதனால வருஷத்துக்கு ஒரு தடவை அவர் ஆபீஸ்ல கேட்டு, தேதியோட எழுதிக்குவோம்.

நோட்டை முதல் தடவை எழுதும்போது அவர் கேட்டார், "என்ன, நான் நாளைக்கே செத்துப் போயிடுவேனா?" எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அப்போ ஊர்ல இருந்து வந்திருந்த எங்க அம்மா அடுப்படியில இருந்து சொன்னாங்க, "உங்க மாமாவும் அப்படித்தான் மாப்ள கேட்பார்."

அவர் அதுக்கு அப்புறம் ஒண்ணும் பேசலை. பேனாவை வாங்கி அந்த பேட்ச்மேட் பேரையும் தொகையையும் அவரே எழுதினார்.

அந்த நோட்டு இப்போ அதே தகரப் பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டிக்குப் பூட்டு கிடையாது.

இந்த எபிசோடை உங்களுக்குத் தெரிஞ்ச போலீஸ் குடும்பத்துக்கு அனுப்புங்க. கணவருக்கு மட்டுமோ மனைவிக்கு மட்டுமோ வேண்டாம், ரெண்டு பேருக்கும் அனுப்புங்க.